பறிக்கக் கூடாது

வாசலில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது:
பறிக்கக் கூடாது. பொறுக்கக் கூடாது.
மான்களுக்கு உணவு போடக் கூடாது.
மான்களுக்கு மொழி இல்லை.
அவை பஸ் நிலையத்தில் பொலித்தீன் தின்று பழகியவை,
நிலாவெளி வரைக்கும் வந்து
இலக்கமிட்ட செடியாய்ப் பார்த்துக் கடிக்கின்றன.

எட்டரைக்குத் திறக்கிறேன்.
டிக்கட் புத்தகம், மிச்சக் காசு, எண்ணும் கருவி.
ஆளுக்கு ஒரு கிளிக்.
கைக்குழந்தைக்கும் கிளிக் உண்டா என்று
வளாக நிர்வாகம் இன்னும் முடிவெடுக்கவில்லை.
நான் அழுத்திவிடுவேன்.

போயா நாளில்
கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தவர்கள்
ஈரத் துவாயைத் தோளில் போட்டபடி இங்கேயும் வருவார்கள்.
யானை இருக்கா?
இல்லை.
கரடி?
இல்லை.
புலி? என்றான் ஒரு பெடியன்.
கேட்ட பிறகுதான் அவனுக்கே விளங்கியது.
சப்பாத்தைக் குனிந்து பார்த்தான்.
மரங்கள் இருக்கு, என்றேன்.

பாலை, வீரை, முதிரை, விண்ணாங்கு.
தகரத்தில் தமிழ், சிங்களம், கீழே சாய்ந்த எழுத்தில் லத்தீன்.
எந்தப் பெயருக்கும் எந்த மரமும்
திரும்பிப் பார்த்ததில்லை.
களப்போரம் தில்லை:
பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று
சிவப்பில் எழுதி வைத்தோம்.
அதற்குப் பக்கத்தில்தான் எல்லோரும் நின்று படம் எடுக்கிறார்கள்.

அதற்கு அப்பால் ஒதுக்குக் காடு.
எண்ணூறு மீற்றர் நடைபாதை, இரண்டு பக்கமும் மஞ்சள் கயிறு.
என் வயதுக்காரர்கள்
கயிற்றைக் கண்டதும் தானாக நின்றுவிடுகிறார்கள்.
ஒன்றுமில்லை, உள்ளே நாற்று வைத்திருக்கு,
மிதிபடக் கூடாது, அவ்வளவுதான்
என்று சொல்லிக் கூட்டிப் போக வேண்டியிருக்கிறது.
பிள்ளைகள் கயிற்றில் ஊஞ்சல் ஆடுகிறார்கள்.
அதட்ட எனக்கு மனம் வருவதில்லை.

கச்சான் அடிக்கத் தொடங்கிய கிழமை
புல்மோட்டை பஸ்ஸால் இறங்கினார் ஆதம்லெப்பை.
பாலை மரம் பார்க்கவும் காசா புள்ள?
ஓம், ஐம்பது ரூபாய்.
முப்பது வருசம் லொறியில பாலைக்கட்டை ஏத்தினவன் நான்.
நிண்ட பாலைய ஆறுதலாப் பார்த்ததே இல்ல,
எனக்குப் படுத்த பாலையத்தான் தெரியும்.
கொடுத்துவிட்டுப் போனார்.
கிளிக்.

ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தார்.
எப்படி இருந்தது, என்றேன்.
தலையை ஆட்டினார்.
மரம் எங்கே என்று கண்டுபிடிச்சீங்களா?
தலையை ஆட்டினார்.
காற்று வழியைக் காட்டியிருக்கும்,
இந்த நாளில் அந்த வாசம் கேற் வரைக்கும் வரும்.
வாயைத் திறந்து சொல்லுங்களேன்?
திறக்க முடியவில்லை அவரால்.
மேலுதடும் கீழுதடும்
பாலைப்பழப் பாலில் ஒட்டிக் கிடந்தன.

பதிவேட்டில் அதற்கு ஒரு நிரல் உண்டு:
விதிமீறல், நேரம், எடுத்த நடவடிக்கை.
மேசை லாச்சியைத் திறந்தேன்.
தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து
அவர் விரலில் நாலு சொட்டு விட்டேன்.
தேய்த்துத் தேய்த்து வாய் திறந்ததும்
அவர் சொன்ன முதல் சொல்:
இனிப்பு.

பின்னேரம் கணக்கு முடித்தேன்.
டிக்கட் அறுபத்தொன்று, கிளிக் அறுபத்து நாலு.
தோட்டக்காரன் பத்தக்குட்டி வந்து சொன்னான்:
பதினேழாம் இலக்கப் பாலையில்
கீழ்க்கொப்புப் பழம் குறையுது அக்கா.
குரங்கு என்று எழுதினேன்.

அடுத்த நாள்
விதைக் கணக்கோடு வந்தார் கலாநிதி சுபாங்கினி.
இவ்வளவு பழமும் குரங்கா தின்றது?
தலையை ஆட்டினேன்.
நீங்கள் கண்ணால் பார்த்தீங்களா?
தலையை ஆட்டினேன்.
என்னப்பா, இண்டைக்கு வாயே திறக்கிறீங்கள் இல்லை?
என்று நெருங்கி வந்தார்.
என் கை மெல்ல
லாச்சிப் பக்கம் போனது.